மீந்த சோறு: கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் மனச்சோர்வும் மதுவும் உணவும்

சுற்றுலாப் பயணிகளுக்குக் கேமரன் மலை என்றால் குளிர், பசுமை, ஸ்ட்ராபெரி. உளமருத்துவ இலக்கியத்தில் அதன் பெயர் வேறு காரணத்துக்காக இடம்பெற்றது. 1988இல் பிரிட்டிஷ் உளமருத்துவ இதழில் டி. மணியம் எழுதிய கட்டுரை மலேசியாவின் ஒரு மலை வாசத்தலத்தில் நிகழ்ந்த தற்கொலைகளையும் தற்கொலை முயற்சிகளையும் ஆராய்ந்தது. அந்த வாசத்தலம் கேமரன் மலை. மக்கள்தொகையில் தமக்கிருந்த பங்குக்கு மிஞ்சிய அளவில் இந்தியர்கள் அந்தக் கணக்கில் இருந்தார்கள். 1994இல் மலேசிய மருத்துவ இதழில் அவரே எழுதிய இன்னொரு கட்டுரை, அதே மலையில் தற்கொலை செய்துகொண்டவர்களின் குடும்பங்களை ஒப்பீட்டுக் குழு ஒன்றோடு வைத்துப் பார்த்தது. இரண்டாவது கட்டுரையின் முடிவுகளைக் காட்டிலும் அது தேர்ந்துகொண்ட அலகு எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆய்வின் அலகு தனிமனிதன் அல்ல, குடும்பம். தோட்டத்துத் துயரத்தை அங்கிருந்து பார்ப்பதுதான் சரி. ஆனால் குடும்பத்துக்குள் நுழைந்த பிறகு எந்த இடத்தில் நிற்பது என்பது அடுத்த கேள்வி. அடுப்படியில் நிற்கவேண்டும் என்பது என் வாதம்.

மனச்சோர்வு, மது, உணவுக் கோளாறு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று கூட்டிவரும் என்பது உளமருத்துவத்தில் பழைய செய்தி. எது முன், எது பின் என்பதில்தான் சண்டை. தோட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தச் சண்டையை இரண்டு வாக்கியங்களில் முடித்துவிடுகிறார்கள். “குடிதான் எல்லாத்துக்கும் காரணம்” என்பது ஒன்று. “மனசு ஒடஞ்சு போயி குடிக்கிறான்” என்பது மற்றது. இரண்டிலும் ஆணும் புட்டியும் மட்டுமே இருக்கிறார்கள். உணவு இரண்டிலும் இல்லை. உணவைக் கணக்கில் சேர்த்தால் முன்பின் வரிசை மாறுகிறது. அதைவிட, இதுவரை கணக்கில் வராத ஆட்கள் உள்ளே வருகிறார்கள்.

கள்ளுக்கடையின் நிழல்

வில்லியம் கேமரன் 1885இல் அளவைப் பயணத்தில் கண்டு சொன்ன இந்த மேட்டுநிலத்தை மலை வாசத்தலமாக்கும் முயற்சி, 1925இல் பிரிட்டிஷ் நிர்வாகி ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்துபோன பிறகே சூடுபிடித்தது. 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல், இலங்கையில் தேயிலை அனுபவம் பெற்ற ஏ.பி. மில்னோடு சேர்ந்து போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தேயிலை வந்தது. காட்டை அழித்தும் சரிவில் செடி நட்டும் கொழுந்து பறித்தும் இந்தத் தோட்டங்களை ஆளாக்கியவர்களில் பெரும்பங்கு தமிழர்கள். வரிசை வீடான லயம், ஆள்கூட்டும் பிரட்டுக்களம், மேற்பார்வைக் கங்காணி, எழுத்தரான கிராணி, மருந்து கொடுக்கும் டிரசர், பிள்ளை பார்க்கும் ஆயாக்கொட்டகை என்று சமவெளி ரப்பர்த் தோட்டத்தின் அமைப்பு முழுவதும் அவர்களோடு மேலேறியது.

சமவெளியின் குடிப் பேச்சும் கூடவே ஏறியது. மலாயாத் தோட்ட வரலாற்றில் மது ஓர் அரசியல் பொருள். 1941இல் ஆர்.எச். நாதன் முன்னின்ற கிள்ளான் வேலைநிறுத்தத்தில், வெள்ளைக்காரத் துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கவேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கக் கோரியவர்கள் கள்ளுக்கடைகளையும் மூடக் கோரினார்கள். 1947இல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடை மறியலில் இறங்கினார்கள். கூலியாகக் கொடுத்த காசைக் கள்ளாக நிர்வாகமே திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டை அவர்கள் சரியாகவே அடையாளம் கண்டார்கள். நான் இதைக் குறைத்துப் பேசவில்லை. தோட்டத் தமிழர் அரசியலின் மிகத் தெளிவான தருணங்களில் அதுவும் ஒன்று. ஆனால் அந்த அரசியல் ஒரு பார்வைப் பழக்கத்தையும் விட்டுச்சென்றது: குடி என்றால் கடை, கடை என்றால் ஆண், தீர்வு என்றால் பூட்டு.

கேமரன் மலைக்கு அந்தப் பார்வை முதலிலிருந்தே பொருந்தவில்லை. போ, சுங்கை பாலாஸ் தோட்டங்கள் இருக்கும் உயரத்தில் தென்னை செழிக்காது. மரத்துக் கள் இந்த மலையின் சொந்தப் பொருள் அல்ல. இங்கே குடி என்பது கீழிருந்து புட்டியில் ஏறி வந்தது: பீர், பிராந்தி, சம்சு என்னும் மலிவுச் சாராயம். கடையை மூடுவதால் தீரும் குடி அல்ல அது. குளிரைச் சாக்காகச் சொல்லவும் முடிந்தது. மது உடலைச் சூடாக்குவதில்லை. தோலின் நாளங்களை விரியவைத்து உட்சூட்டை வெளியே விடுகிறது. ஆனாலும் “குளிருக்கு ஒரு மடக்கு” என்ற பேச்சுக்கு மலையில் யாரும் மறுப்புச் சொல்வதில்லை.

இந்தப் புட்டியை உணவுக் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். நாற்பது விழுக்காட்டுச் செறிவுள்ள 150 மில்லி மதுவில் ஏறத்தாழ 47 கிராம் ஆல்ககால் இருக்கும். கிராமுக்கு 7 கலோரி என்றால் 330 கலோரி வரை வருகிறது. கிட்டத்தட்ட கால் கிலோ சோற்றின் ஆற்றல் அது. புரதம் இல்லை, தயாமின் என்னும் பி1 உயிர்ச்சத்து இல்லை, நார் இல்லை. மாலையில் குடித்தவன் இரவுச் சோற்றைத் தொடாமல் படுப்பதை மனைவி அவமதிப்பாக எடுத்துக்கொள்வாள். ஆக்கி வைத்தது மீந்துவிட்டதே என்ற கோபம் வரும். உடற்கணக்கில் அவன் சாப்பிட்டுவிட்டான். சாப்பிடக்கூடாததைச் சாப்பிட்டிருக்கிறான், அவ்வளவுதான். நாட்பட்ட குடி இரைப்பையைப் புண்ணாக்கும்போது காலைச் சோறும் இறங்காது. டிரசரிடமோ தானா ராத்தாவில் உள்ள சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனையிலோ அவன் சொல்வது ஒன்றுதான்: “கேஸ்ட்ரிக்.”

கேள்வித்தாளின் ஓட்டை

மலேசியாவின் தேசிய நலவாழ்வு, நோய்நிலை ஆய்வு 2019இல் வயது வந்தோரில் 2.3 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு என்றது. 2023இல் அது 4.6 விழுக்காடு. நான்கு ஆண்டுகளில் இருமடங்கு. நோய் கூடியிருக்கலாம், கொரோனாக் காலத்துக்குப் பிறகு அதைப் பற்றிப் பேசும் துணிவும் கூடியிருக்கலாம். எனக்கு இடறுவது எண்ணிக்கை அல்ல, அளவுகோல். இத்தகைய ஆய்வுகளில் பரவலாகப் பயன்படும் பிஎச்கியூ-9 என்னும் கேள்வித்தாளை 2001இல் குரோன்கே, ஸ்பிட்சர், வில்லியம்ஸ் மூவரும் வெளியிட்டார்கள். கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி ஒன்பது கேள்விகள். ஐந்தாவது கேள்வி பசியைப் பற்றியது. பசி குறைந்ததா அல்லது அளவுக்கு மீறிச் சாப்பிட்டீர்களா என்று அது ஒரே மூச்சில் கேட்கிறது. இரண்டுக்கும் ஒரே மதிப்பெண்.

மனச்சோர்வு உண்டா இல்லையா என்று மட்டும் தெரிந்தால் போதும் என்பவருக்கு இது சிக்கனமான கேள்வி. சோர்வுக்கும் தட்டுக்கும் உள்ள உறவைத் தேடுகிறவருக்கு இது கதவை அடைத்துவிடுகிறது. சம்சு குடித்துவிட்டுச் சோற்றைத் தள்ளுகிறவன், சம்பள வாரத்தில் கோழிக்கறியும் பொரித்த மீனுமாக மூச்சுமுட்டத் தின்றுவிட்டு மாதக் கடைசியில் வெறும் தேநீரில் காலம் தள்ளுகிறவன், பிள்ளைகளுக்குப் போட்டது போக மிச்சம் இல்லாததால் படுத்துக்கொண்டவள் ஆகிய மூவரும் ஐந்தாவது கேள்விக்கு ஒரே எண்ணைச் சொல்லலாம். மதுவைப் பற்றி அந்தத் தாளில் கேள்வியே கிடையாது. அதற்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆடிட் என்னும் தனித் தாள் இருக்கிறது. அதில் உணவைப் பற்றி ஒன்றும் இல்லை.

உணவுக் கோளாறுக்கான கேள்விகளாவது உதவுமா? 1999இல் பிரிட்டனில் உருவான ஸ்காஃப் என்னும் ஐந்து கேள்வித் தாளில் ஒன்று, மற்றவர்கள் உங்களை மெலிந்தவர் என்றாலும் உங்களுக்கு நீங்கள் பருமனாகத் தெரிகிறீர்களா என்பது. லயத்துக் கிழவியிடம் இதைக் கேட்டால் அவள் சிரித்துவிட்டுப் போவாள். ஆசிய அனுபவம் இந்த ஓட்டையை எப்போதோ காட்டிவிட்டது. ஹாங்காங்கில் சிங் லீ 1993இல் வெளியிட்ட ஆய்வில், பசிமறுப்பு நோய்க்கு ஆளான 70 பேரில் பாதிக்கு மேற்பட்டோர் பருமனாகிவிடுவோம் என்ற அச்சத்தைச் சொல்லவே இல்லை. வயிறு உப்புகிறது, பசியே எடுப்பதில்லை என்றுதான் சொன்னார்கள். தமிழ்நாட்டிலும் இதே கதை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் சிறார் உளமருத்துவப் பிரிவில் நடந்து 2007இல் வெளியான ஆய்வில், உணவுக் கோளாறுகளுள் மிகுதியாகக் காணப்பட்டது மனம் சார்ந்த வாந்தி. மெலிவு மோகம் அல்ல. கண்ணாடி முன் நிற்கும் இளம்பெண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு தோட்டத்துக்குள் போனால் உணவுக் கோளாறே இங்கே இல்லை என்று எழுதிவிட்டுத் திரும்பி வரலாம்.

பசி முந்தியா, சோர்வு முந்தியா

காரணத் திசையைப் பற்றிய மிகக் கூர்மையான சான்று ஒரு தோட்டத்திலிருந்தும் வரவில்லை. அமெரிக்காவின் மினசோட்டாவிலிருந்து வருகிறது. 1944-45இல் உடலியல் ஆய்வாளர் ஆன்சல் கீஸ், போரில் சேர மறுத்த 36 இளைஞர்களை, அவர்கள் சம்மதத்தோடு, ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்தார். உடலும் மனமும் திடமாக இருக்கிறார்களா என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அவர்கள். பட்டினி அவர்களைச் சோர்வுக்கும் எரிச்சலுக்கும் தனிமைக்கும் தள்ளியது. சமையல் குறிப்புகளைச் சேர்த்து வைத்தார்கள். கனவிலும் பேச்சிலும் சோறு. காப்பியையும் தேநீரையும் அளவு மீறிக் குடித்தார்கள், நாள் முழுக்கச் சூயிங்கம் மென்றார்கள். ஆய்வாளர்கள் காப்பிக்கு வரம்பு வைக்க வேண்டியதாயிற்று. மறுபடி உணவு கிடைத்தபோது சிலர் வயிறு வலிக்கும்வரை தின்றும் நிறுத்த முடியாமல் தவித்தார்கள். மனநோய் எதுவும் இல்லாதவர்களிடம் சோர்வையும் உணவுக் கோளாறையும் ஒருவகைப் போதைத் தேடலையும் பசி ஒன்றே உண்டாக்கிவிட்டது. தோட்டத்துப் பெண்ணின் வெற்றிலைப் பாக்கையும், சீனி கூட்டிப் போட்ட தேநீரையும், பறிப்புக்கு இடையில் அவள் விழுங்கும் பச்சைத் தண்ணீரையும் பழக்கம் என்றோ பண்பாடு என்றோ எழுதுமுன் மினசோட்டாவை நினைத்துக்கொள்வது நல்லது.

2017இல் கரோலின் பெக்கரும் அவர் குழுவினரும் டெக்சஸின் சான் அன்டோனியோவில் இலவச உணவு பெற வந்தவர்களைப் பார்த்தார்கள். வீட்டில் பிள்ளைகளே பட்டினி கிடக்கும் அளவுக்கு நெருக்கடி முற்றியிருந்தவர்களில் 17 விழுக்காட்டினரிடம் மருத்துவக் கவனம் தேவைப்படும் அளவுக்கு உணவுக் கோளாற்றின் அடையாளங்கள் இருந்தன. வறுமை உணவுக் கோளாறிலிருந்து காக்கும் என்ற பழைய நம்பிக்கை இங்கே உடைகிறது. வறுமை கொடுப்பது சீரான குறையுணவை அல்ல. கிடைத்த அன்று விருந்து, கிடைக்காத அன்று பட்டினி என்ற சுற்றை. நாட்கூலியும் செக்ரோல் என்னும் வருகைப் பதிவேடும் பறித்த கொழுந்தின் எடையும் சேர்ந்து சம்பளத்தைத் தீர்மானித்த தலைமுறைகளுக்கு அந்தச் சுற்று அட்டவணை போட்டே வந்தது. சம்பள நாளில் கடைக்காரனின் பழைய பற்று, புட்டி, கறி. பிறகு தேயும் நிலவாய்ச் சுருங்கும் சோறு. பெருந்தீனியும் பெருங்குடியும் ஒரே நாளில் வந்ததால் குடி மட்டும் கண்ணில் பட்டது.

மதுவின் பக்கம் திரும்பினால், துயரத்துக்கு மருந்தாகவே போதையைத் தேடுகிறார்கள் என்ற கருத்துக்கு 1985இல் உளமருத்துவர் எட்வர்ட் கான்ட்சியன் தெளிவான வடிவம் கொடுத்தார். அது மனிதாபிமானமான கருத்து. குடிப்பவனைக் கெட்டவன் என்பதிலிருந்து நோயாளி என்பதற்கு நகர்த்தியது. ஆனால் மூன்றே ஆண்டுகளில் பிரவுனும் ஷக்கிட்டும் வெளியிட்ட முடிவு அதன் எல்லையைக் காட்டியது. குடிநோய்க்குச் சிகிச்சைக்கு வந்தவர்களில் சேரும்போது 42 விழுக்காட்டினரிடம் கடும் மனச்சோர்வு அடையாளங்கள் இருந்தன. குடியை நிறுத்திய நான்காவது வாரத்தில் அது 6 விழுக்காடு. சோர்வில் பெரும்பகுதி மது தந்தது. போடனும் ஃபெர்குசனும் 2011இல் பல ஆய்வுகளைத் தொகுத்து, ஒன்று இருந்தால் மற்றது வரும் வாய்ப்பு இருமடங்காகிறது என்றும், காரணத் திசை பெரும்பாலும் மதுவிலிருந்து சோர்வுக்கே என்றும் முடிவு செய்தார்கள்.

இதை வைத்து “குடிதான் காரணம்” என்ற கட்சி வென்றுவிட்டது என்று கொள்ளக் கூடாது. பிரவுன், ஷக்கிட் நோயாளிகள் அந்த நான்கு வாரமும் மருத்துவமனையில் இருந்தார்கள். குடி நின்றது மட்டுமல்ல, மூன்று வேளை சாப்பாடும் நேரத்துக்குக் கிடைத்தது. எவ்வளவு குணம் மதுவின் இன்மையால், எவ்வளவு குணம் சோற்றால் என்று அந்த ஆய்வு பிரித்துக் காட்டவில்லை. மினசோட்டாவை அருகில் வைத்தால் இரண்டாவதை ஒதுக்க முடியாது. மதுவுக்கும் சோர்வுக்கும் நேர்கோடு போடுகிறவர்கள் தாண்டிப் போகும் கண்ணி இதுதான். மது உணவை வெளியேற்றுகிறது. உணவின்மை சோர்வைக் கூட்டுகிறது. சோர்வு பசியைக் கொல்கிறது. வெறும் வயிற்றில் மது சீக்கிரம் ஏறுகிறது. இந்த வட்டத்தில் எந்தப் புள்ளியிலும் நுழையலாம். வெளியேறுவதற்கு வாய்ப்புள்ள புள்ளி சோறு என்று நினைக்கிறேன். குடியை நிறுத்தச் சொன்னால் அவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். மனச்சோர்வு என்றால் பைத்தியம் என்கிறாயா என்பான். நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டாய் என்றால் பதில் சொல்வான்.

கோலாலம்பூர் மனநோய் இல்லத்தின் அரிசி

உணவும் மனமும் சந்திக்கும் இடத்தில் மலாயாவுக்கு ஒரு பெரிய மருத்துவ வரலாறு உண்டு என்பதைத் தமிழில் அதிகம் பேசுவதில்லை. 1905-06இல் மருத்துவர் வில்லியம் பிளெச்சர் கோலாலம்பூர் மனநோய் இல்லத்தில் ஒரு பகுதி நோயாளிகளுக்குத் தீட்டிய வெள்ளை அரிசியும் மறுபகுதிக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார். வெள்ளை அரிசிக்காரர்களிடம் பெரிபெரி பரவி உயிர்களைக் கொண்டுபோனது. புழுங்கல் அரிசிக்காரர்கள் ஏறத்தாழ முழுவதும் தப்பினார்கள். சுரங்கங்களில் சீனத் தொழிலாளர் பெரிபெரியில் மடிந்தபோது தோட்டத் தமிழர் தப்பியதற்கும் காரணம் அந்தப் புழுங்கல்தான். வேகவைத்துக் காயவைக்கும்போது தவிட்டிலிருந்த தயாமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. (தம் சம்மதம் யாரும் கேட்காத மனநோயாளிகள் மேல் நடந்த சோதனை அது என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.)

தாத்தாவைக் காத்த தயாமினைப் பேரன் மதுவில் இழக்கிறான். ஆல்ககால் குடலில் தயாமின் உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது; சாப்பிடாமல் குடிப்பவனுக்கு உள்ளே வருவதே குறைவு. குறை முற்றினால் குழப்பம், தள்ளாட்டம், நினைவிழப்பு. அதற்கு வெகுமுன்பே அசதியும் எரிச்சலும் பசியின்மையும் வருகின்றன. மனச்சோர்வுக் கேள்வித்தாளில் இவற்றில் அசதியும் பசியின்மையும் நேரடியாக மதிப்பெண் பெறும்.

மறுமுனையில் சர்க்கரை நோய். 2019 தேசிய ஆய்வில் மலேசிய வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இந்தியரில் 31.4 விழுக்காட்டினருக்கு. நீரிழிவும் மனச்சோர்வும் ஒன்றுக்கொன்று வழிவிடும் நோய்கள். நோய் வந்ததும் சோறு எதிரியாகிறது. “சோறு கூடாது” என்ற ஒற்றை வரி அறிவுரையோடு வீட்டுக்கு வரும் ஐம்பது வயதுப் பெண், பகலெல்லாம் பயந்து சாப்பிடாமல் இருந்துவிட்டு இரவில் தாளாமல் அள்ளித் தின்பதைப் பேராசை என்று வீடு ஏசும். பெருந்தீனிக் கோளாறின் இலக்கணத்துக்கு மிக அருகில் வரும் நடத்தை அது.

கடைசியில் சாப்பிடுகிறவள்

தோட்ட வீட்டில் கடைசியாகச் சாப்பிடுபவள் கொழுந்து பறிக்கிறவள். சரிவில் நின்று சுமக்கும் உழைப்புக்கு வேண்டிய சோறு அவளுக்கு மிஞ்சுமா என்பது புருஷன் எவ்வளவைப் புட்டியில் விட்டான் என்பதைப் பொறுத்தது. புருஷனின் குடி மனைவியின் மனச்சோர்வை உயர்த்தும் என்பதைக் இந்தியாவின் கோவாவில் உளமருத்துவர் விக்ரம் படேலின் குழு காட்டியிருக்கிறது. பொதுவாக அடி, ஏச்சு, அச்சம் என்ற வழியாகவே இதை விளக்குகிறார்கள். அந்த விளக்கம் சரி. ஆனால் தட்டின் வழியும் அதில் சேரவேண்டும். அவன் குடித்த இரவில் சோறு மீந்தாலும் அவள் சாப்பிடுவதில்லை. சண்டைக்குப் பிறகு “எனக்கு வேணாம்” என்று படுத்துக்கொள்வது அவளுக்கு வீட்டில் அனுமதிக்கப்பட்ட ஒரே எதிர்ப்பு. செவ்வாய், வெள்ளி, கார்த்திகை, ஆடி என்று விரத நாட்களும் கூடினால், சாப்பிடாத நாட்களுக்கு மதிப்புக்குரிய பெயர் கிடைத்துவிடுகிறது. விரதத்தை நோய் என்று நான் சொல்லவில்லை. நோயால் சாப்பிடாதவள் அதற்குள் ஒளிந்துகொள்ள முடிகிறது என்கிறேன். பாக்கும் அதற்கு ஒத்தாசை: பசியை அடக்குகிறது, வாயைச் சும்மா விடுவதில்லை. மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் இந்தியப் பெண்களிடம் ஓங்கியிருப்பதை இந்தப் பசியோடு சேர்த்துப் படிக்கவேண்டும்.

ஆணின் கோளாறு போதை என்றும் பெண்ணின் கோளாறு ‘பசி இல்லை’ என்றும் பிரிந்து பதிவாகின்றன. ஒரே வீட்டின் ஒரே கஞ்சிப் பானையிலிருந்து வந்தவை அவை. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவு 2023இல்தான் மலேசியாவில் நீக்கப்பட்டது. அதற்கு முந்தைய பதிவேடுகளில் இந்தப் பெண்களைப் பற்றி என்ன எழுதியிருப்பார்கள் என்ற ஐயம் நியாயமானது.

ஒரு மறுப்பு: தமிழர் இன்று தோட்டத்தில் குறைந்துவிட்டார்கள், பறிப்பு கத்தரிக்கும் இயந்திரத்துக்கும் மாறிவிட்டது, வங்கதேசத்தவரும் நேப்பாளியரும் இந்தோனேசியரும் கொங்சி என்னும் பொதுத் தங்குமிடங்களில் தங்கி வேலை செய்கிறார்கள், குறைந்தபட்சச் சம்பளம் 2013இல் 900 ரிங்கிட், 2025இல் 1,700. பழைய வறுமையை வைத்து வாதம் செய்யலாமா? பாதி ஏற்கிறேன். குடும்பத்தை அலகாகக் கொண்ட என் விளக்கம், குடும்பத்தைக் கடல் கடந்து விட்டுவிட்டு வந்த ஆண்களிடம் அப்படியே பொருந்தாது. அங்கே சோறு மீந்துபோவதற்கு, ஆக்குகிற ஆளே இல்லை. ஆனால் பணம் ஊருக்குப் போகிறது. உணவுச் செலவு சுருங்குகிறது. மலிவான போதை கிடைத்தால் குடிக்கிறார்கள். 2018 செப்டம்பரில் சிலாங்கூரை மையமாகக் கொண்டு மெத்தனால் கலந்த மதுவால் பலர் இறந்தபோது அவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். மதத் தடையால் மதுவைத் தொடாத தொழிலாளர்களும் அதே கொங்சியில் இருக்கிறார்கள். அவர்களிடம் மதுக் கண்ணி இல்லாமலே சோர்வும் உணவுக் குலைவும் சேர்ந்து வருகின்றனவா என்று பார்த்தால், என் வாதத்துக்கு அதைவிட நேரான சோதனை கிடையாது. சேர்ந்து வராவிட்டால் உணவை வட்டத்தின் முக்கியக் கண்ணி என்று நான் சொன்னது மிகை; மதுவே அச்சு.

சிகிச்சையின் பக்கம், கோவாவில் சாதாரணப் பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் ஆரம்பச் சுகாதார நிலையங்களிலேயே மனச்சோர்வுக்கு ஒன்றும் ஆபத்தான குடிக்கு ஒன்றுமாக நடத்திய இரு சிகிச்சைமுறைகளின் சோதனைகள் 2017இல் லான்செட்டில் வெளியாகின. இரண்டும் பயன் தந்தன. தமிழ்நாட்டில் சாந்தி ரங்கநாதன் 1980இல் நிறுவிய டி.டி.கே. மருத்துவமனை, மஞ்சக்குடியில் ஊருக்குள்ளேயே முகாம் போட்டுக் குடும்பத்தோடு சேர்த்துக் குடிநோய்க்குச் சிகிச்சை அளித்துக் காட்டியது. மலைக்கு ஏற்றது மஞ்சக்குடி முறைதான் என்பேன். முகாமில் சோறு சேர்ந்தே வருகிறது. குடிப்பவனும் அவன் மனைவியும் ஒரே பந்தியில் உட்காருகிறார்கள். அங்கே கேள்வித்தாளில் நான்கு கேள்விகள் கூடினால் போதும்: நேற்று வீட்டில் கடைசியாகச் சாப்பிட்டது யார், என்ன மிஞ்சியிருந்தது, குடிக்குமுன் வயிற்றில் என்ன இருந்தது, சம்பளத்துக்கு முந்தைய வாரம் எத்தனை வேளை அடுப்பு எரிந்தது. பசி குறைந்ததா என்பதையும் மீறித் தின்றீர்களா என்பதையும் தனித்தனியே கேட்கவேண்டும். மனைவியிடம் புருஷன் இல்லாதபோது கேட்கவேண்டும்.